பத்தில் ஒரு பங்குக் கட்டடத்துக்கு எந்தக் கான்கிரீட்?

நொய்யல்கரை, 11 ஜூன் 2023

முதுநிலைத் திட்டப்பணிக்காக மூன்று மாடிக் கட்டடம் ஒன்றைப் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்து, அதிர்வு மேசையில் வைத்துக் குலுக்கப் போகிறேன். கோவை நிலநடுக்க மண்டலம் மூன்றில் இருக்கிறது; 1900 பிப்ரவரியில் இங்கே ஏறத்தாழ 6 அளவில் ஒன்று வந்தும் இருக்கிறது. என் சந்தேகம் இதுதான். ஜல்லியை விட்டுவிட்டு மணல், சிமெண்ட், தண்ணீர் மட்டும் கலந்து ஊற்றுகிறேன். கியூப் (சோதனைக்கென்று ஊற்றிய கனசதுரக் கட்டி) உடைத்துப் பார்த்து அமுக்க வலிமை 25 மெகாபாஸ்கல் வந்துவிட்டால் அது எம்25 தரக் கான்கிரீட் தானே? விவரம் தெரிந்த ஐயா யாராவது சொல்லுங்கள்.

கியூப் உடைப்பவன், 11 ஜூன், இரவு

இல்லை. அமுக்கத்தில் மட்டும் அது எம்25. இழுத்தால் என்ன, வளைத்தால் என்ன, கம்பியைப் பிடித்துக்கொள்ளுமா, எவ்வளவு சுருங்கும் என்று எதையும் அந்த 25 சொல்வதில்லை. பெருந்துறைப் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரித் திட்டப்பணிகள் பருவம் தவறாமல் எங்கள் வாசலுக்கு வரும். வருகிற எல்லோர் கையிலும் கியூப் இருக்கும். வேறெதுவும் இருக்காது.

12 ஜூன்

நேற்று அவசரத்தில் எழுதியதை விரிக்கிறேன்.

கட்டடம் குலுங்கும்போது முதலில் நடப்பது விரிசல். அதைத் தீர்மானிப்பது இழுவிசை வலிமை. சாதாரணக் கான்கிரீட்டில் அது அமுக்க வலிமையில் பத்தில் ஒரு பங்குக்கு அக்கம்பக்கமாக நிற்கும். அதே அமுக்க வலிமையுள்ள மணல் கலவையில் இந்த விகிதம் ஏறிவிடும். காரணம் எளிது. நிஜக் கான்கிரீட்டில் ஒவ்வொரு ஜல்லியைச் சுற்றியும் சிமெண்ட் சரியாகப் பிடிக்காத மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. விரிசல் அந்தத் தோலைத் தேடி வளைந்து வளைந்து போகும். ஜல்லியை எடுத்தால் அந்த வழியும் போய்விடுகிறது.

இதற்கு மேல் அளவின் விளைவு. பொருள் ஒன்றாகவே இருந்தாலும் சிறிய துண்டு, பெரிய துண்டைவிடக் கூடுதல் அழுத்தத்தில்தான் உடையும். பஜான்ட் என்ற பொறியியல் ஆய்வாளர் 1984-இல் இதற்கு ஒரு விதியே எழுதிவிட்டார். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன. உங்கள் மாதிரிக் கட்டடம் தாமதமாக விரிசல் விடும், நெடுநேரம் விறைப்பாக நிற்கும், ‘இந்த வடிவமைப்பு பாதுகாப்பானது’ என்று நீங்கள் அறிக்கை எழுதுவீர்கள். பாதுகாப்பாக இருந்தது அந்த மணல்–சிமெண்ட் காரைதான்.

ஐஎஸ் 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரக்குறிப்பு) தரும் சூத்திரங்களையும் இங்கே போடாதீர்கள். எம்25-க்கு வளைவு இழுவிசை 3.5, நெகிழ்வுக் குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) 25,000 மெகாபாஸ்கல் என்று வர்க்கமூலம் எடுத்து எழுதுவது ஜல்லி போட்ட கான்கிரீட்டுக்கு உரியது. மாதிரிக் கலவைக்கு அளந்தால்தான் உண்டு.

14 ஜூன்

‘அப்படியானால் என்ன மணல்?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

20 மி.மீ. ஜல்லி, பத்தில் ஒன்றில் 2 மி.மீ. ஆகிறது. ஆகவே 2.36 மி.மீ. சல்லடையில் சலித்தால் போதும் என்று தோன்றும். உங்கள் கம்பிக்கு மேல் கவரிங், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், எவ்வளவு? நிஜத்தில் 25 மி.மீ. என்றால் மாதிரியில் இரண்டரை. அந்த இடுக்கில் 2.36 பரல் சிக்கிக்கொண்டு, கம்பிக்குக் கீழே வெற்றிடம் விட்டுவிடும். 1.18-இல் சலியுங்கள்.

மேல் எல்லையைவிடத் தொல்லை தருவது கீழ் எல்லை. கிரஷரிலிருந்து வரும் எம்-சாண்டில் 150 மைக்ரானுக்குக் கீழே போகும் தூள் 20 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஜல்லி, மணலுக்கான தரக்குறிப்பு ஐஎஸ் 383 அனுமதிக்கிறது. வீட்டுச் சுவருக்கு அது பரவாயில்லை. இங்கே அந்தத் தூள் தண்ணீரைக் குடிக்கும். கலவை ஓடவில்லை என்று நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள். பிறகு வலிமைக்காகச் சிமெண்டைக் கூட்டுவீர்கள். கடைசியில் கையில் இருப்பது சிமெண்ட் பசை. அதன் இழுவிசையும் சுருக்கமும் எங்கோ போயிருக்கும். மணலை அலசுங்கள், காயவையுங்கள், சலித்துத் தனித்தனி டப்பாவில் வையுங்கள். பிறகு வேண்டிய விகிதத்தில் நீங்களே சேருங்கள். அலுப்பான வேலைதான்.

கையில் காசு இருந்தால் எண்ணூர் தரமணல் வாங்கலாம். சிமெண்ட் சோதனைக்கென்று 2 முதல் 1 மி.மீ., 1 முதல் அரை மி.மீ., அதற்கும் கீழே 90 மைக்ரான் வரை என மூன்று தரங்களாகப் பிரித்தே தருகிறார்கள். இரண்டாம் தரத்தையும் மூன்றாம் தரத்தையும் கூட்டிக் குறைத்து ஆரம்பிக்கலாம். ஆனால் அது உருண்டைச் சாயலுள்ள குவார்ட்ஸ். கிரஷர் கல்லின் அளவுக்குக் கூர்முனை அதில் இல்லை.

14 ஜூன், சற்று நேரம் கழித்து

கான்கிரீட்டுக்குப் பதில் மைசூர்பாகு சரியாக வருமா என்று கேட்ட அன்பருக்கு: கோயம்புத்தூர்க்காரர் கேட்கவேண்டிய கேள்விதான். நெய் குறைந்த பழைய பாணி மைசூர்பாகு, துளைகளோடு, மொறமொறவென்று, இழுவிசையில் உடையும். உண்மையிலேயே கலவைக் காரையைவிட அதன் விகிதம் கான்கிரீட்டுக்கு நெருக்கமாக இருக்கக்கூடும். ஆய்வகத்தில் எறும்புத் தொல்லையை யார் சமாளிப்பது?

18 ஜூன்

எடைக்கு வருவோம். இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

3 மீட்டருக்கு 3 மீட்டர், 12 செ.மீ. கனத்தில் ஒரு தளம். எடை ஏறத்தாழ 2,592 கிலோ. பத்தில் ஒன்றில் நீளம், அகலம், கனம் மூன்றும் பத்தில் ஒன்றாவதால் எடை ஆயிரத்தில் ஒன்று: 2.6 கிலோ. தாங்கும் குறுக்குப் பரப்போ நூற்றில் ஒன்றுதான் ஆகியிருக்கிறது. அதே அழுத்தம் உள்ளே வரவேண்டுமானால் தளத்தின் மேல் மொத்தம் 25.9 கிலோ இருக்கவேண்டும். ஆக ஒவ்வொரு தளத்திலும் 23 கிலோவுக்கு மேல் கூடுதலாக ஏற்றவேண்டும், ஈயமோ இரும்போ. அதைத் தளத்தோடு ஒட்டிப் பரப்பி வைத்தால் அந்தப் பலகையே தளத்துக்கு விறைப்புக் கொடுத்துவிடும். சிறு சிறு துண்டுகளாக, ஒன்றையொன்று தொடாமல், நடுவில் ஒரே போல்ட்டில் பிடித்து வையுங்கள்.

ஏற்றாவிட்டால் என்ன? அதிர்வெண் பத்து மடங்காகும். நிஜக் கட்டடம் விநாடிக்கு 3 முறை ஆடும் என்றால் மாதிரி 30 முறை ஆடும். எடை ஏற்றினால் பத்தின் வர்க்கமூலம், அதாவது 3.16 மடங்கு, ஒன்பதரை முறை. நிலநடுக்கப் பதிவையும் அதே கணக்கில் சுருக்கவேண்டும். 30 விநாடிப் பதிவு ஒன்பதரை விநாடியில் முடிந்துவிடும். உங்கள் மேசை எவ்வளவு எடை தாங்கும், எத்தனை ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக ஆடும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

19 ஜூன்

சேலத்து நண்பர் ஒருவர் கஞ்சமலை மாக்னடைட் இரும்புத் தாதைப் பொடித்து மணலுக்குப் பதில் போட்டால் எடைப் பிரச்சினை தீருமே என்கிறார். ஆசை நியாயமானது. மாக்னடைட்டின் ஒப்படர்த்தி 5.2. மணல் முழுவதையும் அதனால் மாற்றினாலும் கலவை நாலைத் தாண்டாது. நமக்கு வேண்டியதோ கான்கிரீட்டின் 2.4-ஐப் பத்து மடங்காக்கிய 24. பத்து மடங்கு எடையைக் கலவைக்குள் ஒளித்துவைக்க வழியில்லை. மையவிலக்குச் சுழலியில் வைத்துப் புவியீர்ப்பையே பத்து மடங்காக்கலாம். அது இந்தத் திட்டப்பணியின் காசுக்கு அடங்காது.

இரும்பு என்றதும் சென்னிமலைக்குப் பக்கத்துக் கொடுமணல் நினைவுக்கு வந்தது. நொய்யல் கரையில் அந்தக் காலத்திலேயே இரும்பை உருக்கியிருக்கிறார்கள், கசடு கிடைக்கிறது. நம் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போகிற போக்கில் ஒருமுறை எட்டிப் பாருங்கள், கேள்வி கேட்டவர் பெயரே நொய்யல்கரை ஆயிற்றே.

2 ஜூலை

கம்பி.

கடையில் கிடைக்கும் 18 கேஜ் கட்டுக்கம்பி 1.22 மி.மீ.; 12 மி.மீ. கம்பிக்குப் பத்தில் ஒன்று. 21 கேஜ் 0.81 மி.மீ.; தூணின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் 8 மி.மீ. வளையத்துக்குச் சரி. கடவுள் கொடுத்த வரம் என்று நினைத்துக் கட்டிவிடுவார்கள். விட்டம்தான் பொருந்துகிறது. கட்டுக்கம்பி, கையால் முறுக்குவதற்காகப் பதம் இறக்கப்பட்ட மெத்தென்ற கம்பி. கட்டடத்துக்குப் போடும் எஃப்இ500 தரக் கம்பியின் இளகு வலிமையில் (கம்பி மீளாமல் நீளத் தொடங்கும் அழுத்தம்) பாதி வந்தாலே அதிகம். பரப்பைக் கூட்டி விசையைச் சமன் செய்யலாம் என்பார்கள், விசை சமனாகும். ஆனால் எஃகின் நெகிழ்வுக் குணகம் எல்லாக் கம்பிக்கும் இரண்டு லட்சம் மெகாபாஸ்கல்தான். பாதி வலிமைக் கம்பி, பாதி நீட்சியிலேயே இளகிவிடும். விரிசல் அகலமும் கட்டடத்தின் ஆட்டமும் அங்கே தப்பிப் போகும்.

அடுத்தது வழுவழுப்பு. நிஜக் கம்பிக்கு முறுக்கு வரி உண்டு. கோவை கணபதிப் பக்கம் லேத் பட்டறைகளில் நர்லிங் உருளை (வரி பதிக்கும் பல் உருளை) இரண்டு ஜோடியைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, நடுவே கம்பியை இழுத்து வரி போட்டுத் தருவார்கள். வரி போட்டதும் கம்பி இறுகி, இளகும் கட்டமே தெரியாமல் போகும். ஆகவே மூடிய குழாய்க்குள் வைத்து ஏறக்குறைய 600 டிகிரியில் சூடாக்கி மெல்ல ஆறவிடவேண்டும். எந்தச் சூடு, எவ்வளவு நேரம் என்பதைத் துண்டு துண்டாக இழுத்துப் பார்த்தே முடிவு செய்யமுடியும். ஈரச் சாக்கில் சுற்றி மெல்லிய துரு ஏறவிட்டாலும் பிடிப்புக் கொஞ்சம் கூடும். எண்ணெய்க் கையோடு மட்டும் கட்டாதீர்கள்.

21 ஜூலை

காரைக்குப் பதில் ஜிப்சத்தில் மாதிரி செய்வது பற்றிக் கேட்டவருக்கு.

சுட்ட ஜிப்சம் மாவான பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அரை மணிக்குள் இறுகும், மறுநாளே சோதிக்கலாம், 28 நாள் காத்திருக்க வேண்டாம். மணல் கலந்தால் அதன் அழுத்த–நீட்சி வளைகோடு கான்கிரீட்டின் சாயலுக்கு வரும். தனியாக ஊற்றினால் நேர்கோடாகப் போய்ப் படீரென்று உடையும். சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகை போட்டால் இறுகுவது தள்ளிப்போகும். தண்ணீரில் மாவைத் தூவி ஊறவிட்டுப் பிறகு கலக்கவேண்டும், மாவில் தண்ணீரை ஊற்றக்கூடாது என்பதை விநாயகர் சிலை செய்பவர்களிடம் கற்றுக்கொண்டேன். எங்கள் கூடத்தில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

வேதிவினைக்கு வேண்டிய தண்ணீர், மாவின் எடையில் 18.6 சதவீதம்தான். ஓடுவதற்காக நாம் ஊற்றுவது அதைப்போல மும்மடங்கு. மிச்சத் தண்ணீர் வெளியேற வெளியேற வலிமை ஏறிக்கொண்டே இருக்கும். ஈரத்தில் இருப்பதைப்போலக் காய்ந்தபின் ஏறக்குறைய இருமடங்கு. அப்படியானால் உங்கள் மாதிரியின் வலிமை எது? காலை பத்து மணிக்கா, மாலை நாலு மணிக்கா? வேண்டிய வலிமை வந்ததும் அரக்கு வார்னிஷ் பூசி ஈரத்தை உள்ளேயே நிறுத்துவது வழக்கம். சோதனை உருளைகளுக்கும் அதே நேரத்தில், அதே பூச்சு.

இப்போது ஆடி. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று பல்லடம், உடுமலை வழியாக எப்படி அடிக்கிறது என்று இந்தப் பக்கத்தார்க்குச் சொல்லவேண்டியதில்லை. சன்னல் பக்கம் வைத்த முகம் காய்ந்து, சுவர்ப் பக்கம் ஈரமாகவே இருக்கும். ஒரே தூணில் இரண்டு பொருள். சிமெண்ட் கலவைக்கும் இது பொருந்தும். காயும் நேரம் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, 12 செ.மீ. தளத்தைவிட 12 மி.மீ. தளம் நூறு மடங்கு வேகத்தில் காயும். எங்கள் கூடத்தில் ஒரு குழு, மாலையில் ஊற்றிய தளத்தை மூடாமல் போய், காலையில் சோதனைக்கு முன்பே முழு விரிசல் படத்தையும் கண்டது. ஈரச் சாக்கு, அதற்கு மேல் பாலித்தீன், காற்றுக்கு மறைவு. மூன்றும் வேண்டும்.

23 ஜூலை

மேட்டூர் அணைக்கு ஒரு சிறு மாதிரி செய்யமுடியுமா என்று இழை எங்கேயோ போகிறது. போகட்டும், எனக்கும் பிடித்த விஷயம்.

அணையில் சுமையே எடையும் தண்ணீரும்தான். ஈயத் துண்டை எங்கே மாட்டுவீர்கள்? நீர்மட்டம் 120 அடி, அதாவது 36.6 மீட்டர். நூற்றில் ஒன்றில் 37 செ.மீ. ஆழம். தண்ணீரையே நிரப்பினால் அடியில் அழுத்தமும் நூற்றில் ஒன்று. ஆகவே பொருளின் வலிமையும் நூற்றில் ஒன்றாக இருந்தால்தான் அது நிஜத்தைப்போல உடையும். 15 மெகாபாஸ்கல் கான்கிரீட்டுக்கு 0.15. கையில் எடுத்தாலே உதிரும் பொருள். அடர்த்தி மட்டும் கான்கிரீட்டுடையது. நம் ஊரில் எல்லோரும் வலிமையைக் கூட்டுவதற்குத்தான் கலவை வடிவமைக்கிறார்கள். வலிமையைக் குறைத்து, குறைத்த இடத்தில் நிறுத்தி வைப்பது அதைவிடக் கடினம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இத்தாலியில் பெர்காமோ நகரத்து இஸ்மெஸ் நிறுவனம், 1951-இல் தொடங்கியது, அணை மாதிரிகளுக்கே பெயர் பெற்றது.

அமெரிக்காவின் ஹூவர் அணைக்கு 1930-களில் வேறு வழி பிடித்தார்கள். பிளாஸ்டரில் செலைட் என்னும் டயட்டம் மண்ணைக் கலந்து மெத்தென்ற மாதிரி செய்து, தண்ணீருக்குப் பதில் பாதரசத்தை நிரப்பினார்கள். பாதரசம் தண்ணீரைப்போல 13.6 மடங்கு எடை. இப்போது அதையெல்லாம் நினைக்கவே கூடாது, ஆவி நஞ்சு.

6 ஆகஸ்ட்

ஜூன் 14-இல் மணலை அலசச் சொன்னதைப் பற்றி மறுபடி யோசித்தேன். தூள் ஒரு துளிகூட இல்லாமல் அலசிவிட்டால் கலவை கரகரவென்று பிரியும். தண்ணீர் மேலே மிதந்து வரும், கம்பிக்கு அடியில் தேங்கும். கொஞ்சம் தூள் இருக்கட்டும். எவ்வளவு என்பது உங்கள் மணலைப் பொறுத்தது. சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்றரை, தண்ணீர் 0.7 என்று எடையில் ஆரம்பித்து, இருபுறமும் நகர்த்திப் பாருங்கள். அச்சை மேசை அதிர்வியில் வைத்து ஊற்றினால் தண்ணீரைக் குறைக்கலாம்.

இன்னொன்றும் தோன்றுகிறது. சிமெண்டை யாரும் சிறிதாக்குவதில்லை. பத்தில் ஒரு பங்கு மாதிரியிலும் அதே மூட்டைச் சிமெண்ட், அதே மைக்ரான் பொடி. ஆகவே முழுமையாகச் சுருங்கிய கான்கிரீட் என்று ஒன்று கிடையாது. ஏதாவது ஒரு குணத்தை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். எதை விட்டுக்கொடுக்கலாம் என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. தம்பி, உங்கள் கேள்வி என்ன என்று இத்தனை நாளும் நீங்கள் சொல்லவே இல்லை.

நொய்யல்கரை, 9 ஆகஸ்ட்

ஐயா, கட்டடத்தின் அதிர்வெண்ணும் வேண்டும், தூணும் உத்தரமும் சேரும் மூட்டில் விரிசல் எப்படி ஓடுகிறது என்றும் பார்க்கவேண்டும்.

கியூப் உடைப்பவன், 9 ஆகஸ்ட், இரவு

இரண்டும் இரண்டு கேள்வி. ஒரே பொருளில் இரண்டையும் தீர்க்கப் பார்ப்பதால்தான் இந்த அவதி.

அதிர்வெண்ணுக்கு விரிசலே வேண்டாம். மெல்ல ஆட்டினால் போதும். விறைப்பும் எடையும் தெரிந்தால் கணக்கு வந்துவிடும். அதற்கு அக்ரிலிக் பலகைகூடப் போதும், நெகிழ்வுக் குணகம் 3,000 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். அக்ரிலிக்கில் இரண்டு குறை: சுமையில் மெல்ல மெல்லத் தொய்யும், வெயிலில் இளகும். பாய்சான் விகிதமும் (ஒரு பக்கம் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்பது) கான்கிரீட்டைப்போல இருமடங்கு. தளத்துக்கு அது உதைக்கும், தூண்–உத்தரச் சட்டகத்துக்குப் பெரிதாகப் படாது. காரையில் செய்கிறீர்கள் என்றால் நெகிழ்வுக் குணகத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள். இழுவிசை விகிதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

விரிசலுக்குக் கட்டடம் வேண்டாம், ஒரு மூட்டுப் போதும். அதைப் பத்தில் ஒன்றில் செய்வானேன்? நாலில் ஒன்றில் செய்யுங்கள். 300 மி.மீ. தூண் 75 மி.மீ. ஆகும். 20 மி.மீ. ஜல்லி 5 ஆகும். கிரஷரில் பேபி சிப்ஸ் என்னும் பொடி ஜல்லி வாங்கிச் சலித்துக்கொள்ளலாம், அதாவது ஜல்லியும் அதன் தோலும் திரும்பி வந்துவிடும். 12 மி.மீ. கம்பிக்கு 3 மி.மீ., வளையத்துக்கு 14 கேஜ். அதிர்வு மேசையும் வேண்டாம். கை ஜாக் இரண்டை எதிரெதிரே வைத்து முன்னும் பின்னும் தள்ளுங்கள். முதல் விரிசலைச் சுண்ணாம்பு பூசிய முகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம்.

12 ஆகஸ்ட்

தலைப்பு ‘பத்தில் ஒரு பங்கு, மூன்று மாடி’ என்று பதிவாகிவிட்டது, வழிகாட்டி மாற்றவிடமாட்டார் என்கிறீர்கள். மாற்றவேண்டாம். கட்டடம் ஒரு அத்தியாயம், மூட்டு இன்னொரு அத்தியாயம். மூட்டைப் பின்னிணைப்பு என்று சொல்லி உள்ளே கொண்டுவாருங்கள். நேர்காணலில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள்.

27 ஆகஸ்ட்

சோதனைக்கு எங்கள் கூடத்தின் 200 டன் இயந்திரம் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். கிடைக்கும், பயன்படாது. 50 மி.மீ. விட்டம், 100 மி.மீ. நீளம் உள்ள உருளையைப் படுக்கவைத்துப் பிளந்தால், 3 மெகாபாஸ்கல் இழுவிசைக்கு 23.6 கிலோநியூட்டன் ஆகும். இரண்டரை டன்கூட இல்லை. 200 டன் இயந்திரத்தின் முள் தூக்கத்திலிருந்து எழுவதற்குள் உருளை உடைந்திருக்கும். உங்கள் கல்லூரி மண் ஆய்வகத்தில் சிபிஆர் சோதனைக்கு (சாலை அடிமண்ணின் தாங்குதிறன் சோதனை) 50 கிலோநியூட்டன் புரூவிங் ரிங், அதாவது விசை அளக்கும் வளையம், இருக்கும். அதுவே சரி. நிறுத்திவைத்து அமுக்கினால் 25 மெகாபாஸ்கலுக்கு 49 கிலோநியூட்டன் வரும், வளையம் எல்லையில் நிற்கும். அதை மட்டும் எங்களிடம் கொண்டுவாருங்கள்.

அச்சுக்குப் பிவிசி குழாயை நறுக்கி, ஒரு பக்கம் நீளவாக்கில் கீறி, கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். மூட்டு ஊற்றும் அதே கலவையில், அதே நேரத்தில் உருளைகளும் ஊற்றவேண்டும். முந்தின வாரத்து உருளைகளைக் கொண்டுவந்து ‘அதே கலவைதான்’ என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

3 செப்டம்பர்

வளைகோடுகளைப் பார்த்தேன். சிப்ஸ் போட்ட கலவை நன்றாகவே வந்திருக்கிறது. பிளவு இழுவிசை, அமுக்கத்தில் பத்தில் ஒன்றை ஒட்டியே நிற்கிறது. 1.18 மணல் கலவையில் அது தெளிவாக மேலே இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே தாளில் வரைந்து அறிக்கையில் போடுங்கள். கம்பியின் வளைகோடு மட்டும் இன்னும் வரவில்லை. வரி போட்டபின் ஒன்று, சூடாக்கி ஆறியபின் ஒன்று, இரண்டும் வேண்டும். துண்டுகளை நீளமாகவே வெட்டி வாருங்கள், பிடியில் நழுவுகின்றன. சனிக்கிழமை இங்கே பராமரிப்பு மின்தடை. திங்கட்கிழமை காலையில் வாருங்கள்.